மீன் வாயில் ஒரு காசு

டிஸ்கி: இது கொஞ்சம் நீளமான வரலாற்றுப் பதிவு. நடுவுல இன்கம் டாக்ஸ், ஹெச்.ஆர்.ஏ. எல்லாம் வரும். டீ குடிச்சுட்டு வந்து உட்காருங்க :-)

பதிவு போட்டு மூணு மாசம் ஆச்சு. ஆணி ஜாஸ்தி. ஆறு வாரம் ஆன்சைட்னு மிலான் நகரத்துக்கு அனுப்பி வெச்சாங்க. சனி, ஞாயிறு மட்டும் நம்ம கையில. ஒரு சனிக்கிழமை காலையில ரயிலேறி ஃப்ளாரன்ஸ் போனேன். ஜனவரிக் குளிர், காது ரெண்டும் கழண்டு விழுந்துடும் போல இருந்துச்சு.

ரயில்ல போகும்போதே போன்ல ஒரு மெயில். பேரோல் ஆளுங்க கிட்டேயிருந்து. "திங்கட்கிழமைக்குள் வாடகை ரசீது அப்லோட் செய்யவும், இல்லையேல் மார்ச் சம்பளத்தில் வரி பிடிக்கப்படும்." சம்பளம் வாங்குற ஜனங்களுக்கு இந்த மெயிலோட வாசனை தெரியும். நான் கொடுக்குற வாடகை, மூணு பேர் பங்கு போட்டு மாசம் 4,500 ரூபாய். ரசீதுல எழுதுறது 8,300. ஏன் 8,300? வருஷத்துக்கு ஒரு லட்சம் தாண்டினா ஓனரோட பான் நம்பர் கேப்பாங்க. தாண்டலைன்னா கேக்க மாட்டாங்க. ஓனர் கையெழுத்தை என் ரூம்மேட் இடது கையால போடுவான். நாலு வருஷமா இதான் நடைமுறை. ஊர் உலகத்துல எல்லாரும் பண்றதுதானேன்னு ஒரு நிமிஷம் கூட யோசிச்சதில்லை.

இதை ஞாபகம் வெச்சுக்கங்க. பின்னாடி வரும்.

ஃப்ளாரன்ஸ் போற எல்லாரும் உஃபிஸி மியூசியத்துக்கும் மைக்கலாஞ்சலோவோட டேவிட் சிலைக்கும் வரிசையில நிப்பாங்க. வரிசையோட நீளத்தைப் பார்த்துட்டு நான் ஆர்னோ ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்தேன். அங்கே சாந்தா மரியா தெல் கார்மினேன்னு ஒரு சர்ச். கார்மேல் சபைத் துறவிகளோடது. முகப்பைப் பார்த்தா, பூச்சு வேலைக்குக் காசு இல்லாம பாதியில நிறுத்தின வீடு மாதிரி வெறும் கல்லும் செங்கல்லுமா நிக்குது. உள்ளே வலது கைப்பக்கம் ஒரு சின்ன தனிக்கோயில். அதுக்குப் பேரு பிரான்காச்சி சேப்பல். கொஞ்சம் கொஞ்சம் பேரா உள்ள விடுறாங்க. எங்க கூட்டத்துக்குக் கிடைச்சது கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

ஈரம் காயறதுக்குள்ள

முதல்ல ஃபிரெஸ்கோன்னா என்னன்னு பார்த்துடலாம். இத்தாலிய மொழியில அந்த வார்த்தைக்குப் புதுசுன்னு அர்த்தம். புதுசாப் பூசின, ஈரம் காயாத சுண்ணாம்புச் சுவர்மேல, தண்ணியில குழைச்ச நிறத்தை வெச்சு வரையறது. பசை, எண்ணெய் எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு காயும்போது காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லா மாறும். அப்போ நிறமும் அந்தக் கல்லுக்குள்ள மாட்டிக்கும். அதாவது படம் சுவர்மேல இல்லை, சுவராகவே ஆயிடுது. 600 வருஷம் நிக்கிற ரகசியம் இதுதான்.

ஆனா இதுல ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாள்ல வரைஞ்சு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும்தான் பூச்சு பூசணும். அந்த ஒரு நாள் துண்டுக்கு 'ஜோர்னாதா'ன்னு பேரு. சாயங்காலத்துக்குள்ள முடிக்கலைன்னா மிச்சத்தைச் செதுக்கி எடுத்துட்டு, மறுநாள் புதுசா பூசணும். தப்பு பண்ணாலும் அதே கதி. நம்ம பாஷையில சொன்னா கமிட் பண்ணிட்டா ரோல்பேக் கிடையாது. சில நீல நிறங்கள் ஈரச் சுண்ணாம்போட ஒத்துப் போகாது. அதைச் சுவர் காய்ஞ்சப்புறம் பசை சேர்த்துப் பூசுவாங்க. அதனால்தான் பழைய ஃபிரெஸ்கோக்கள்ல முதல்ல உதிர்ந்து போறது வானம்.

ரெண்டு தோமாக்கள்

இந்தச் சேப்பலை ஏற்படுத்தினது பியெத்ரோ பிரான்காச்சி. பியெத்ரோன்னா பேதுரு. அதனால உள்ளே அநேகமா எல்லாப் படமும் புனித பேதுருவோட கதைதான். வரைய ஏற்பாடு பண்ணினது அதே குடும்பத்து ஃபெலிசே பிரான்காச்சி. பட்டு வியாபாரி, பெரிய கை. 1422-ல் ஃப்ளாரன்ஸோட தூதரா கெய்ரோ சுல்தான்கிட்ட போயிட்டு வந்தவர். திரும்பி வந்த கையோட, 1424 வாக்குல வேலை ஆரம்பிச்சது.

பேதுருவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேர் நான்தான் போப்புன்னு சொல்லிட்டு இருந்த குழப்பம் 1417-லதான் தீர்ந்தது. முதல் போப்பா கருதப்படுற பேதுருவைச் சுவர் பூரா வரையறதுக்கு அந்தக் காலத்துல ஒரு அர்த்தம் இருந்தது: திருச்சபை ஒண்ணுதான், சாவி இவர் கையிலதான்.

வரைஞ்சது ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் நிஜப்பேரு தொம்மாசோ, அதாவது தோமா. ஒருத்தர் மசோலினோ, சின்ன தோமா. இன்னொருத்தர் மசாச்சோ. இதை 'மொத்தைத் தோமா', 'அழுக்குத் தோமா'ன்னு எப்படி வேணா வெச்சுக்கலாம். துணிமணி, காசு பணம் எதையும் கவனிக்காத ஆளுன்னு, 16-ஆம் நூற்றாண்டுல ஓவியர்கள் வரலாறு எழுதின வசாரி சொல்றார். மசாச்சோ பிறந்தது 1401 டிசம்பர் 21. அந்த நாள் அப்போ புனித தோமையார் திருநாள். ஆமாங்க, நம்ம பரங்கிமலை தோமையாரேதான்.

மசோலினோ 1425-ல் ஹங்கேரிக்குப் போயிட்டார் (அவருக்கும் ஆன்சைட்!). மசாச்சோ தனியா தொடர்ந்தார். அப்புறம் அவரும் ரோமுக்குப் போனார், 1428-ல் அங்கேயே செத்தார். வயசு 26. இதை வாசல்ல படிச்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு 28. நான் இதுவரைக்கும் உருப்படியா பண்ணினது ரெண்டு ரிப்போர்ட் மாட்யூல்.

வாயைத் திறந்து அழுகிற ஏவாள்

உள்ளே நுழைஞ்சதும் ரெண்டு பக்கத் தூண்லயும் ஆதாம் ஏவாள் இருக்காங்க. வலது பக்கம் மசோலினோ வரைஞ்சது: பழம் சாப்பிடப் போற நேரம். ரெண்டு பேரும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி அழகா, அமைதியா நிக்கிறாங்க. இடது பக்கம் மசாச்சோ: தோட்டத்தை விட்டுத் துரத்துற காட்சி. ஆதாம் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிட்டு நடக்கிறான். ஏவாள் கண்ணு ரெண்டும் பள்ளமாகி, வாயைத் திறந்து ஓலமிடுறா. இழவு வீட்டுல பார்த்திருப்பீங்களே, அந்த முகம்.

அதுக்கு முன்னாடி சர்ச் படங்கள்ல அழுகைன்னா, இது அழுகைன்னு புரியறதுக்கு ஒரு அடையாளம் இருக்கும், அவ்வளவுதான். (ஜோத்தோ மாதிரி ஒரு சிலர் விதிவிலக்கு.) எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குப் படம்தான் புத்தகம்னு போப் முதலாம் கிரெகோரி கி.பி. 600 வாக்கிலேயே எழுதி வெச்சார். படத்தோட வேலை கதையை ஞாபகப்படுத்துறதுதான். மசாச்சோ அதுக்கு மேல ஒரு படி போறார். 'பாவம் பண்ணினா தண்டனை'ங்கிறது பாடம். அந்த ஏவாளோட முகத்துல பாடம் இல்லை, வலி இருக்கு. பார்க்கிறவன் தன்னோட வலியை அதுல வெச்சுப் பார்க்கலாம். மறுமலர்ச்சிக் காலம், மனிதநேயவாதம்னு புத்தகத்துல படிச்சு மார்க் வாங்கினதோட அர்த்தம், அந்தத் தூண் முன்னாடி நின்னப்பதான் எனக்குப் புரிஞ்சுது.

வரி கேட்டு வந்தவன்

அதை ஒட்டினாப்புல இடது சுவர்ல பெரிய படம், கிட்டத்தட்ட ஆறு மீட்டர் அகலம். 'காணிக்கைப் பணம்'னு சொல்லலாம். மத்தேயு எழுதின சுவிசேஷத்துல மட்டும் வர்ற கதை. (அந்த மத்தேயுவே வரி வசூல் பண்ணிட்டு இருந்தவர்தான்!) கோயில் வரி கேட்டு ஒருத்தன் வர்றான். ராஜா தன் சொந்தப் பிள்ளைங்க கிட்ட வரி வாங்குவானான்னு இயேசு கேக்குறார். அதாவது, நாம கொடுக்கணும்னு அவசியமே இல்லை. இருந்தாலும் வீண் மனத்தாங்கல் வேண்டாம், கடலுக்குப் போய்த் தூண்டில் போடு, முதல்ல வர்ற மீனோட வாயில ஒரு காசு இருக்கும், அதைக் கொடுத்துடுன்னு பேதுருகிட்ட சொல்றார்.

படத்துல இந்த மூணு கட்டமும் ஒரே இடத்துல நடக்குது. நடுவுல இயேசுவும் சீடர்களும் வரிக்காரனும். இடது ஓரத்துல பேதுரு குனிஞ்சு மீன் வாயில கை விடுறார். வலது ஓரத்துல அதே பேதுரு காசை வரிக்காரன் கையில வெச்சு அழுத்துறார். காமிக்ஸ்ல கோடு போட்டுக் கட்டம் பிரிப்பாங்களே, இதுல அந்தக் கோடு மட்டும் இல்லை.

வலது பக்கக் கட்டடத்தோட கோடுகளை நீட்டிப் பார்த்தா, எல்லாம் இயேசுவோட தலையில போய்ச் சேருது. தூரத்தைக் கணக்குப் போட்டு வரையற இந்த வித்தையை அப்போதான் புருனெல்லெஸ்கி கண்டுபிடிச்சிருந்தார். அதே வருஷங்கள்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் பெரிய சர்ச்சோட குவிமாடத்தைக் கட்டிட்டு இருந்தவர். கணக்கும் பக்தியும் வேற வேறன்னு நாம நினைச்சுக்கிறோம். இங்கே பாருங்க, ஜியோமெட்ரிதான் உங்க கண்ணை இழுத்துட்டுப் போய் சாமிகிட்ட விடுது.

இன்னொரு விஷயம். சேப்பல்ல நிஜமாவே பீடத்துக்கு மேல ஒரு ஜன்னல் இருக்கு. படத்துல இருக்கிறவங்களுக்கு வெளிச்சம் அந்த ஜன்னல் இருக்கிற திசையில இருந்துதான் விழுது. உங்க மேல விழுற அதே வெளிச்சம் அப்போஸ்தலர்கள் மேலயும். அவங்க நிழல் தரையில விழுது.

நிழல்

பீடத்துக்கு இடது பக்கம் கீழ்ப்படம். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். பேதுரு ஒரு தெருவுல நடந்து வர்றார். ஓரமா நோயாளிங்க. ஒருத்தன் கால் சூம்பித் தரையில கிடக்கிறான், ஒருத்தன் எழுந்துட்டு இருக்கான், ஒருத்தன் எழுந்து நின்னுட்டான். பேதுரு யாரையும் திரும்பிப் பார்க்கலை, தொடலை. அவரோட நிழல் பட்டதும் நோய் குணமாகுதுன்னு கதை.

யோசிச்சுப் பாருங்க. நிழலை ஒழுங்கா வரையத் தெரியாத ஓவியனால இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. இங்கே நிழல்தான் அற்புதம். ஓவியத்துல புதுசா வந்த ஒரு டெக்னிக், நம்பிக்கையோட மையத்துக்கே போய் உட்கார்ந்துடுச்சு. அந்தத் தெருவும் ஜெருசலேம் மாதிரி இல்லை. சொரசொரப்பான கல் வெச்ச ஃப்ளாரன்ஸ் வீடுகள். கால் இல்லாதவன் சர்ச் வாசல்ல தினமும் பார்க்கிற பிச்சைக்காரன். 'உன் தெருவுலயும் இது நடக்கலாம்'னு அந்த ஊர்க்காரங்களுக்குச் சொன்ன மாதிரி.

அனனியா

பீடத்துக்கு வலது பக்கம், அதே உயரத்துல ஜோடிப் படம். பேதுரு ஏழைகளுக்குக் காசு கொடுக்கிறார். துணியில்லாத குழந்தையைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு அம்மா கை நீட்டறா. அவங்க காலடியில ஒருத்தன் செத்துக் கிடக்கிறான். யாருன்னு எனக்குத் தெரியலை. வெளியில வந்து ரூம்மேட்டுக்குப் போன் போட்டேன். பய நாசரேத்துக்காரன், சண்டே ஸ்கூல்ல பிரைஸ் வாங்கினவன்.

"அது அனனியால்ல மாப்ள. எல்லாரும் சொத்தை வித்து மொத்தமாப் பொதுவுல வெச்சாங்க. இவன் நிலத்தை வித்து, கொஞ்சத்தை ஒளிச்சு வெச்சுட்டு, இவ்வளவுதான்னு கணக்கு காட்டினான். நீ மனுஷன்கிட்ட பொய் சொல்லலை, தேவன்கிட்ட பொய் சொன்னேன்னு பேதுரு சொன்னாரு. அங்கேயே விழுந்து செத்தான்."

நான் கொஞ்ச நேரம் பேசலை. அவனும் பேசலை. அப்புறம் அவனே சொன்னான்: "உடந்தையா இருந்த பொண்டாட்டியும் செத்துருவா மாப்ள. சப்பீராள்."

கையெழுத்துப் போடுற இடது கை ஞாபகம் வந்திருக்கும் போல :-)

சிரிச்சுட்டோம். ஆனா சாயங்காலம் ரயில்ல உட்கார்ந்து படிச்சப்போ விஷயம் இன்னும் நெருக்கமா வந்துடுச்சு. ஃப்ளாரன்ஸ் அப்போ மிலானோட சண்டையில இருந்தது. (நான் வேலை பார்க்கிற அதே மிலான்.) சண்டைச் செலவு கஜானாவைக் காலி பண்ணிடுச்சு. யார் எவ்வளவு வரி கட்டணும்னு வருஷக்கணக்கா தகராறு. கடைசியில 1427-ல் 'கதாஸ்தோ'ன்னு புது வரிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு குடும்பத் தலைவனும் நிலம், வியாபாரம், கொடுக்கல் வாங்கல் எல்லாத்தையும் எழுதிக் கொடுக்கணும். குடியிருக்கிற வீட்டுக்கு வரி கிடையாது. வீட்டுல சாப்பிடுற ஒவ்வொரு வாய்க்கும் 200 ஃப்ளாரின் கழிவு. (கழிவைக் கண்டுபிடிச்சது நம்ம நிதியமைச்சகம்னு நினைச்சுட்டு இருந்தேன்.)

அதனால 'காணிக்கைப் பணம்' படமே இந்த வரிச் சட்டத்துக்கு ஆதரவுப் பிரசாரம்னு சில அறிஞர்கள் சொல்றாங்க. எனக்கு அது முழுசா ஒப்பலை. படம் அநேகமா சட்டம் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும். பைபிள்ல வர்றது கோயில் வரி, அரசாங்க வரி இல்லை. ஆனா ஊரே வரியைப் பத்திப் பேசிட்டு இருந்த நேரத்துல அந்தச் சுவர் முன்னாடி முட்டி போட்டவனுக்கு, பேதுரு காசு கொடுக்கிறதும் அனனியா செத்துக் கிடக்கிறதும் வெறும் பழைய கதையாத் தெரிஞ்சிருக்காதுங்கிறது மட்டும் நிச்சயம். அது தெரிஞ்சும், ஒரு பட்டு வியாபாரி தன் குடும்பத்தோட கோயில்ல, பீடத்துக்குப் பக்கத்துலயே அனனியாவை வரைய விட்டிருக்கார். அந்த வருஷம் அவரும் கணக்கு காட்ட வேண்டியவர்தான்.

மசாச்சோவும் கணக்கு கொடுத்தார். அது இன்னிக்கும் இருக்கு! அம்மாவும் தம்பியும் தானும் வாடகை வீட்டுல இருக்கோம், இன்னின்னாருக்குக் கடன், அடகுக் கடைக்காரனுக்கும் பாக்கின்னு அதுல இருக்கு. ஏவாளோட அழுகையையும் பேதுருவோட நிழலையும் வரைஞ்சவர், அடகுக்கடைப் பாக்கியையும் மறைக்காம கணக்குல காட்டியிருக்கார். அவரைப் பத்தி நமக்குக் கிடைச்ச கொஞ்சத் தகவல்ல முக்கியமான ஒண்ணு, அவரோட டாக்ஸ் டிக்ளரேஷன். அதைப் படிச்சதும் என் வயித்துல ஏதோ பண்ணிச்சு.

மறைச்சதும் மறையாததும்

இந்தச் சுவருக்கு அப்புறம் நடந்ததெல்லாம் மறைக்கிற கதைதான். 1434-ல் மெதிச்சி குடும்பம் அதிகாரத்துக்குத் திரும்பினதும், எதிர்க்கட்சியில இருந்த ஃபெலிசே நாடு கடத்தப்பட்டார். அப்புறம் துரோகின்னு அறிவிச்சாங்க. படத்துல இருந்த பிரான்காச்சி குடும்பத்து முகங்களை அழிச்சிருக்கலாம்னு கருதுறாங்க. பாதியில நின்ன வேலையை 1480களில் ஃபிலிப்பினோ லிப்பி முடிச்சார். அதுக்குள்ள இந்த இடம் ஓவியர்களோட பள்ளிக்கூடம் ஆயிடுச்சு. இங்கே வரையப் பழக வந்த சின்ன வயசு மைக்கலாஞ்சலோ, கூட வந்த தொர்ரிஜானோவைக் கிண்டல் பண்ணப் போய், மூக்கு உடைஞ்சதுதான் மிச்சம். அந்தக் கோணல் மூக்கு சாகற வரைக்கும் இருந்தது.

17-ஆம் நூற்றாண்டு கடைசியில ஆதாம் ஏவாளுக்கு வெட்கம் வந்து, இடுப்புல இலை வரைஞ்சாங்க. அதே காலத்துல ஒரு பிரபு இந்தச் சேப்பலையே வாங்கி மாத்திக் கட்டப் பார்த்தார். மெதிச்சி குடும்பத்து விட்டோரியா தெல்லா ரோவேரேங்கிற அம்மா தடுத்து நிறுத்தினாங்க. 1771-ல் சர்ச்சுல பெரிய தீ. உள்ளே பெரும்பாலும் போச்சு, இந்த மூலை புகை படிஞ்சு தப்பிச்சது. புகையையும் அழுக்கையும் 1980களில்தான் முழுசா எடுத்தாங்க. செலவை ஏத்துக்கிட்டது டைப்ரைட்டரும் கம்ப்யூட்டரும் பண்ணின ஒலிவெத்தி கம்பெனி. (நம்ம இனம்!) அந்த இலைகளையும் அப்போதான் எடுத்தாங்க. சுமார் 300 வருஷம் மூடி வெச்ச ஆதாம் ஏவாள் மறுபடி பிறந்த மேனியா நின்னாங்க. இலையெல்லாம் சுவருக்கு மேல பூசினது, அதனால துடைச்சா போச்சு. கீழே இருந்தது சுவரோட கல்லானது.

நான் சர்ச்சுக்குப் போறவன் இல்லை. கோயிலுக்கும் பரீட்சைக்கு முன்னாடி போனதோட சரி. அதனால இந்தப் படங்கள் ஒரு விசுவாசிக்கு என்ன தருதோ அது எனக்குக் கிடைச்சதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது மியூசியத்துக்காக வரைஞ்சது இல்லைங்கிறது புரிஞ்சுது. பாவமன்னிப்புக்கும் பூசைக்கும் நடுவுல நிக்கிற மனுஷனைப் பார்த்து, 'நீ எந்தப் பக்கம்?'னு கேக்கிறதுக்காக வரைஞ்சது. 600 வருஷம் கழிச்சு, வேற ஊரு, வேற சாமி, ஜாக்கெட் பாக்கெட்ல போனோட நின்ன என்னையும் அது கேட்டுடுச்சு.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ரசீது டெம்ப்ளேட்டைத் திறந்தேன். 8,300-ஐ அழிச்சுட்டு 4,500 போட்டேன். ஓனருக்கு போன் பண்ணி நிஜக் கையெழுத்துக்கு ஏற்பாடு பண்ணினேன். அவருக்கு ஒரே ஆச்சரியம், நாலு வருஷத்துல முதல் தடவையா ரசீது கேக்குறேனாம். மார்ச் சம்பளத்துல வரி பிடிச்சுட்டாங்க, நல்லாவே பிடிச்சுட்டாங்க. பழைய மூணு வருஷத்துக் கணக்கு அப்படியேதான் கிடக்கு. அதை நினைச்சா இன்னும் குறுகுறுன்னுதான் இருக்கு.

பின்குறிப்பு: அந்த வாரம் ரூம்மேட் காசிமேட்டுல இருந்து வஞ்சிரம் வாங்கிட்டு வந்தானாம். வாயைத் திறந்து பார்த்தியாடான்னு கேட்டேன். பார்த்தானாம். ஒண்ணும் இல்லையாம் :-)